ஊசி அசையாத சத்தம்

பீரோ மேலிருந்து மச்சானின் கிட்டாரை என் மகள் இறக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தூசியைத் துடைத்தாள், போனில் ஏதோ ஒரு ட்யூனர் பக்கத்தைத் திறந்து கட்டில் மேல் வைத்தாள். கம்பியைத் தட்டினால் திரையில் ஒரு ஊசி ஆடுகிறது. சுதி சரியாக இருந்தால் ஊசி நடுவில் வந்து பச்சையாகிறது. மச்சானின் கம்பிகளில் ஒன்றுகூடப் பச்சையாகவில்லை. ஆறுமே இறங்கிக் கிடந்தன. "மாமா எல்லாத்தையும் தப்பாவே வச்சிருக்காருப்பா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் கம்பி தொய்ந்திருக்கும்தான். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே அந்தக் கிட்டார் ஊர் உலகத்துச் சுதியில் இருந்ததில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஓசூர் பக்கத்தில் பேரிகை என்ற ஊர்க்காரர். ஓசூரில் ஒரே கம்பெனியில், ஒரே பிரஸ் ஷாப்பில் நானும் அவரும் வேலை பார்த்தோம். தகடு வெட்டுகிற பிரஸ். அடி விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதும் கேட்காது. பெங்களூரில் யாரோ விற்றார்கள் என்று அந்தக் கிட்டாரை வாங்கிவந்தார். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்ததும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, முதலில் மெல்லிய கம்பியைத் திருகுவார். அது நின்ற பிறகு மற்ற கம்பிகள். எதை வைத்து மச்சான் சுதி சேர்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "ஷாப்ல கம்ப்ரஸர் கத்துதுல்ல மாப்ள, அதான் நம்ம சுதி. வூடு வரைக்கும் கூடவே வருது பாரு" என்றார். கம்பெனி எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் என்பதால் நானும் நம்பினேன். "கம்பெனிக்கே வாக்கப்பட்டுட்டீங்க மச்சான்" என்று கிண்டல் வேறு செய்தேன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அன்று ஒருநாள்தான் எங்கள் ஷாப்புக்கு மூச்சு நிற்கும். மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். மச்சான் தன் ஸ்பேனர்களோடு கிட்டாரையும் சாமி முன்னால் வைத்திருந்தார். "ஒரு பாட்டு போடுப்பா" என்று சூப்பர்வைசர் கேட்க, தன் பிரஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து மெல்லிய கம்பியைத் திருக ஆரம்பித்தார். திருகிக்கொண்டே, "கம்ப்ரஸர யாரும் இன்னும் நிறுத்தலையா?" என்றார்.

மெயின் ஸ்விட்சையே காலையில் இறக்கிவிட்டார்கள். குத்துவிளக்கு வெளிச்சத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். கன்னடக்காரரான ஃபிட்டர் ஒருவர் காதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனூ கேளிஸ்தில்லப்பா" என்றார், ஒன்றுமே கேட்கவில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார், ஆனால் முகம் வெளுத்துவிட்டது. அதற்கு மேலும் கம்பியைத் திருகி, எங்கள் யாருக்கும் கேட்காத எதனோடோ சேர்த்து நிறுத்தினார். அவர் என்ன வாசித்தார் என்பது இப்போது நினைவில்லை.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னேன். அவள் நேராகப் போய்க் கேட்டாள். "அண்ணா, காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" "ஒண்ணுமில்ல, போய் டீ போடு" என்று முடித்துவிட்டார். காது போனவனை பிரஸ்ஸில் நிறுத்தமாட்டார்கள். காண்ட்ராக்ட் ஆள் என்றால் நேரே கேட்டுக்கு வெளியேதான். வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கலில், காதில் சத்தம் விட்டுக் கேட்கிறதா என்று பார்க்கும்போது, நர்ஸம்மாவின் கையைப் பார்த்தே பட்டனை அமுக்கிவிடுவாராம். ஜம்பமாகத்தான் என்னிடம் சொன்னார், கண்ணில் மட்டும் பயம் இருந்தது. இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர் வேறென்ன செய்வார், பாவம்.

பொங்கலுக்கு ஊருக்குப் பைக்கில் போனவர் போய்ச் சேரவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தான் என்று ரோட்டோரக் கடைக்காரர்கள் சொன்னார்கள். "அவ்ளோ சத்தத்துக்கும் மனுசன் ஒதுங்கவே இல்லீங்க" என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "பேசாதீங்கப்பா, போன் எல்லாத்தையும் கேக்கும்" என்று மகள் ஃபேனை நிறுத்தினாள், டிவியை அணைத்தாள். வீடு அடங்கியது. அப்போதுதான் கேட்டது. மெல்லிசாக, கம்பி இழுத்ததுபோல ஒரே சீராக. கம்ப்ரஸர் என்று நினைத்தேன். அப்புறம்தான் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்பது உறைத்தது. போனைப் பார்த்தேன். வெளியே காக்கை கரைந்தது, ஊசி துள்ளியது. மகள் இருமினாள், துள்ளியது. அந்தச் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊசி செத்ததுபோலக் கிடந்தது.

கிட்டாரை வாங்கி மடியில் வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை, கை தானாகப் போனது. மெல்லிய கம்பியைத் தட்டித் தட்டி, அந்தச் சத்தத்தோடு ஒன்றாகிற வரைக்கும் திருகினேன். ஊசி நடுவுக்கு வராமல் இடது பக்கமே நின்றது. "தப்புப்பா, இன்னும் ஏத்தணும்" என்றாள் மகள். நான் ஏற்றவில்லை. மறுபடியும் தட்டினேன்.

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். மொட்டைமாடியிலிருந்து தினமும் இறங்கிவந்த சுதி அவளுக்குத் தெரியாதா? கிட்டாரைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கும் கேக்குதா?"

ஒண்ணுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வேலை, மகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

"கேக்குதும்மா" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. மகள் பயந்துபோய்ப் போனை அணைத்தாள்.

"வேலை போனா போவுது" என்றாள் மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நீங்களாச்சும் சொன்னீங்களே."