எட்டு வெள்ளைப் பக்கங்கள்

"நீ படிச்ச புள்ளதான், ஒத்துக்கிறேன். நேஷனல் லைப்ரரில போய் தமிழ் புக்க எவன்மா பிரிச்சுப் பாக்கப் போறான்?"

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுச் சந்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி கேட்டது. பிரித்துப் பார்க்க ஆள் வந்தது, நான்தான். போன வாரம் தேசிய நூலகத்தில், அந்த அச்சகத்தில் நான் பிழைதிருத்திய அந்தோணி அங்கிளின் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். நடுவில் இரண்டிரண்டாக எட்டுப் பக்கங்கள் வெள்ளை. நூலகர் உள்ளே போய் இன்னொரு பிரதியையும் பார்த்து வந்தார். அதிலும் அப்படித்தான்.

இங்கே அச்சாகும் எந்தப் புத்தகமானாலும் தேசிய நூலகத்துக்கு இரண்டு பிரதி தர வேண்டும், அது சட்டம். நாளை வருபவர்களுக்காக ஒரு நாடு எடுத்துவைக்கும் அலமாரி அது. அப்பா அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஈசூன் நூலகத்தில் உரக்க வாசித்துத் திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். எனக்கு அந்த அலமாரிமேல் பக்தியே உண்டு.

அச்சகத்தில் மை வாசனையோடு பக்கத்துக் கடையில் பொரிக்கும் கறிபாப் வாசனையும் வரும். இன்றும் கறிபாப் கடித்தால் எனக்குப் பிழைதிருத்திய ஞாபகம்தான். அங்கே ஒரு வழக்கம். நல்ல பிரதிகள் வாடிக்கையாளருக்கு. கோணலாக வெட்டுப்பட்டது, பதினாறு பக்கமாக மடியும் தாளில் ஒருபுறம் அச்சாகாமல் கலந்தது எல்லாம் ஒரு பெட்டிக்கு. நூலகத்துக்குப் போவது அந்தப் பெட்டியிலிருந்து.

"நல்லதா ரெண்டு குடுங்கண்ணே" என்று சண்டை போட்டபோதுதான் முதலாளியிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது. சிரிப்பு வேறு.

அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். "பேரப்புள்ளைங்க லைப்ரரில போய்ப் பாக்கலாம்ல?" என்று கேட்டார். "கண்டிப்பா அங்கிள்" என்றேன். மறுநாள் அந்தப் பெட்டிப் பிரதிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். முதலாளியைவிட என்மேல்தான் இப்போது அதிக ஆத்திரம்.

துறைமுக விபத்துகளில் செத்துப்போன கூட்டாளிகளைப் பற்றி அங்கிள் எழுதிய பகுதியில்தான் அந்த வெள்ளைப் பக்கங்கள். "காலையில் எங்களோடு தேநீர் குடித்தவன் பெயர்" என்று ஒரு பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் வெள்ளை. பிழைதிருத்திய எனக்கு ஒரு பெயர்கூட நினைவில்லை.

அங்கிள் இன்று இல்லை. தெம்பனிஸில் இருக்கும் அவர் மகளுக்குப் போன் செய்து, வீட்டில் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். "வீடு மாறுறப்ப பழைய பேப்பரோட போட்டுட்டோம்க்கா. அதான் லைப்ரரில இருக்குதேன்னு நெனச்சோம் லா."

அச்சுக்குத் தந்த கோப்பாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு முதலாளியோ, "இன்னுமா அதப் புடிச்சுத் தொங்குற? கம்ப்யூட்டரோட எல்லாம் போச்சு" என்றார். அச்சகம் இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அந்த மனிதர்களின் பெயர்களைச் சொல்ல இந்த ஊரில் ஒரு தாள் இல்லை என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கிளின் தேவாலயத்துக்குப் போனேன். பூசை முடிந்ததும் மைக்கைக் கேட்டு வாங்கி, நடந்ததையும் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான் என்பதையும் சொன்னேன். கிளமெண்டி வட்டாரத்தில் குடியிருக்கும் ஒருவர் எழுந்து, தன்னிடம் ஒரு பிரதி இருப்பதாகச் சொன்னார். எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்க இன்று அரைநாள் விடுப்பு போட்டுவிட்டேன். ரயில் இப்போது கிளமெண்டியை நெருங்குகிறது.