ஓடப் பிறக்காத எலி

ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற கூடத்தில் அவருக்குக் கூண்டுக்காரர் என்று பேர். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, அவ்வளவுதான் வேலை. உட்கார்ந்து செய்யக்கூடிய எதையும் அவர் நின்று செய்து யாரும் பார்த்ததில்லை.

கூடத்தில் இரண்டு வம்சம். ஓட்டக்கார வம்சத்துக்குக் கூண்டில் சக்கரம் மாட்டினால் போதும், கடன்காரன் துரத்துகிற மாதிரி ஓடித் தள்ளும். சோம்பேறி வம்சம் அதே சக்கரத்தில் ஏறிப் படுத்துத் தூங்கும். ஓடுவதை ஓடுவதோடும் ஓடாததை ஓடாததோடும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்ததில் வந்த வினை. யார் எவ்வளவு சுற்றினார்கள் என்பதைக் கூண்டுக்கு ஒரு பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும்.

கூண்டுக்காரருக்குச் சர்க்கரை. பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. தினமும் நடந்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர் அசைவதாக இல்லை.

"எங்கப்பா நடந்தாரா? எங்க தாத்தா நடந்தாரா? இதெல்லாம் ரத்தத்துல வர்றது. எங்க எலியே அதுக்குச் சாட்சி" என்றார் மனைவியிடம்.

"ரத்தத்த ஏன் இழுக்கிறீங்க? உங்கம்மா உட்கார வச்சே ஊட்டுன லட்சணம் இது."

இதே சண்டைதான் கூடத்திலும் நடந்துகொண்டிருந்தது, மரியாதையாக. அங்கே பொறுப்பிலிருந்த மேடம் ஒரு சோம்பேறிக் குட்டியைப் பிறந்தவுடன் எடுத்து ஓட்டக்காரத் தாயிடம் விட்டார். பாலும் பழக்கமும் அவளுடையது, ரத்தம் வேறு. வளர்ந்தபின் ஓடுமா ஓடாதா என்று பார்ப்பதாக ஏற்பாடு.

கூண்டுக்காரர் வீட்டில் பந்தயம் கட்டினார். "ஓடுச்சுன்னா நாளைக்கே நடக்குறேன். ஓடலன்னா நட நடன்னு என்னை அரிக்கக் கூடாது."

"சரி" என்றாள் மனைவி.

குட்டி வளர்ந்தது. அதையும், கூட வளர்ந்த ஓட்டக்காரக் குட்டியையும் தனித்தனிக் கூண்டில் போட்டுச் சக்கரம் மாட்டினார்கள். முதல் வாரம் சோம்பேறியின் பெட்டியில் எண் ஏறவே இல்லை. கூண்டுக்காரர் அந்த வாரம் நன்றாகத் தூங்கினார். கூண்டு கழுவிய மறுநாள் காலை வந்து பார்த்தால் எண் எகிறிக் கிடந்தது.

"பாருங்கண்ணே, வளர்ப்புதான் ஜெயிக்குது போல. கொஞ்சம் லேட்டா வேலை செய்யுது" என்றார் மேடம். முகமெல்லாம் சிரிப்பு.

இவருக்கு விடியற்காலைத் தெருவும், பின்னால் மனைவியும் கண்முன் வந்தார்கள். அந்த எலியை ஒருதரமாவது முறைத்துவிட்டு வரலாம் என்று கூண்டருகே போனார். எலி வலது காதில் துளையோடு ஓடிக்கொண்டிருந்தது. சோம்பேறிகளுக்கு இடது காதில்தான் துளை போடுவார்கள். பக்கத்துக் கூண்டில் இடது காதுத் துளைக்காரன் சக்கரத்தில் மல்லாந்து கிடந்தான்.

கழுவிய கூண்டில் எலிகளை விட்டபோது இரண்டு கூண்டின் அடையாள அட்டையையும் மாற்றி மாட்டியது வேறு யாருமில்லை, இவரேதான். வாயைத் திறந்தால் வேலைக்குக் கெட்ட பேர். திறக்காவிட்டால் நடக்கணும். அவர் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"மேடம், அட்டைய நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

மேடம் இரண்டு எலியின் காதையும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "இது தெரியாம நான் கட்டுரை எழுதியிருந்தா மானம் போயிருக்கும். வேற யாராயிருந்தாலும் மறைச்சிருப்பாங்கண்ணே. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை வச்சுக்க முடியாது."

"சரிங்க மேடம்" என்றார். நேர்மைக்காரர் என்ற பேரோடு வீட்டுக்குப் போனார்.

"ஓடல. ரத்தம்தான்" என்றார் செருப்பைக் கழற்றும்போதே.

"ஒத்துக்கிறேன்" என்றாள் மனைவி.

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்த எலிய யாராவது ஏறு ஏறுன்னு தள்ளுனாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"தள்ளக் கூடாது. அதுவா ஏறுதான்னு பாக்குறதுதான் ஆராய்ச்சியே."

"அதான் கேட்டேன். அதுக்குத் தள்ள ஆளில்ல, கெடக்கு. உங்க கால் மரத்துப்போச்சுன்னா தூக்கிச் சுமக்கப் போறதும் அந்த எலி இல்ல." அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நட நடன்னு அரிக்கக் கூடாதுன்னுதானே பந்தயம்? நான் ஒண்ணும் சொல்லல. எந்திரிங்க."

தெருமுனைவரை அவர் ரத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு மூச்சு வாங்கியதில் பேச முடியவில்லை.