மூன்று பனரும் ஒரு முகமும்

பனர் அடிக்கிற தொழிலில் சொந்த முகத்துக்கு இடமில்லை. ஊரார் முகங்களைப் பெரிதாக்கிப் பதாகையில் அச்சடித்துக் கொடுப்பதுதான் வேலை. கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் கடை வைத்துப் பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். கலியாணம், பெண் பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு, ஆள் செத்தால் அந்தியேட்டி எல்லாம் அடிப்பேன், மனதில் ஒன்றும் ஓடாது. உயர்தரப் பரீட்சை முடிவு வருகிற கிழமை மட்டும் ஏழு நாளும் வயிறு எரியும். நான் உயிரியல் பிரிவில் மூன்று முறை சோதனை எழுதி, மூன்று முறையும் மருத்துவபீடத்தை மயிரிழையில் தவறவிட்டவள். இதை வாசிப்பவர்களில் என்னைப்போல, பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியில் வழுக்கி விழுந்தவர்கள் இருந்தால், அந்த எரிச்சலை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வெள்ளைக் கோட்டு

மருத்துவபீடத்துக்குத் தெரிவானவர்களுக்கென்று என் கொம்பியூட்டரில் ஒரு உடம்பு வைத்திருக்கிறேன். தலையில்லாத உடம்பு. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். பெற்றோர் கொண்டுவரும் படத்திலிருந்து தலையை வெட்டி அதன்மேல் வைத்துவிட்டால் டொக்டர் தயார். பிள்ளை இன்னும் பல்கலைக்கழக வாசலைக்கூடக் கண்டிருக்காது. கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம் என் தலையையும் வெட்டி வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை, உடனே அழித்துவிட்டேன்.

ஒரு வருடம் ஸ்கந்தபுரத்துத் தர்மிகாவின் படத்தோடு அவளுடைய அம்மா வந்தார். அந்த முறை அந்தப் பக்கத்தில் மருத்துவபீடம் கிடைத்த ஒரே பிள்ளை தர்மிகா. அம்மா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, கோட்டின் வெள்ளை போதுமா என்று கேட்டார், பெயருக்கு முன்னால் "வருங்கால வைத்தியர்" என்று போடச் சொன்னார். எல்லாம் முடிந்து நான் படத்தை மூடப் போகையில் என் கையைப் பிடித்தார். "வடிவாத்தான் இருக்கு தங்கச்சி. அந்த ஸ்டெதஸ்கோப்பை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாக்க ஏலாதே? பஸ்ஸில போறவைக்கும் தெரிய வேணும்."

நூற்றில் ஒன்று

அதே கிழமை அதே தர்மிகாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு ரியூசன் மாஸ்டர்மாரும் வந்தார்கள், ஒருவர் காலையில், மற்றவர் பின்னேரம். தங்கள் வகுப்பால்தான் அவள் தெரிவானாள் என்று இருவரும் அவளுடைய ஊர்ச் சந்தியில் கட்ட வேண்டுமாம். காலையில் வந்தவரின் பனரைக் காயவிட்டிருந்தேன். அதைக் கண்டதும் பின்னேரத்து மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. அதைவிட இரண்டடி கூட்டி அடிக்கச் சொன்னார். பொறாமை எனக்கு மட்டும் உள்ள வருத்தமில்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆறுதல் நிலைக்கவில்லை. அந்தப் பின்னேரத்து மாஸ்டர் எனக்கும் படிப்பித்தவர். மூன்று வருடம் அவருக்கு நேர் முன்னால் இருந்து நோட்ஸ் எழுதியவள் நான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. தர்மிகாவின் தலையைக் கோட்டுக்கு மேல் பொருத்திக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று பெருமூச்சு விட்டார். "இப்பிடியான பிள்ளையள் நூற்றில ஒண்டுதான் தங்கச்சி. மற்றதெல்லாம் கதிரைக்குப் பாரம்."

கழற்றச் சொன்னவள்

வழக்கமாக அடுத்த வருட முடிவு வந்ததும் புதுப் பனர் ஏறும், பழையது இறங்கும். அடுத்த வருடம் அங்கே ஒருவருக்கும் மருத்துவபீடம் கிடைக்கவில்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. ஆக, தர்மிகாவின் மூன்று பனரும் சந்தியிலேயே நின்றன. அக்கராயனில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சந்தியில் பஸ் நிற்கும், நான் நிமிர்ந்து பார்த்து எரிந்துகொண்டு போவேன்.

போன மாசியில் தர்மிகாவே கடைக்கு வந்தாள். பனரில் இருந்த கன்னம் முகத்தில் இல்லை. மூன்றையும் கழற்ற வேண்டும், அம்மாவிடமும் மாஸ்டர்மாரிடமும் கேட்கப் பயம், பழசாகிப் போய்விட்டது என்று சொல்லி நான் கழற்றிவிட முடியுமா என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தை மறைக்கவில்லை. "நாங்கள் ஏங்கிக் கிடந்த இடம் உமக்கு அலுத்துப் போச்சுதாக்கும். உம்மில எனக்கு எவ்வளவு பொறாமை எண்டு தெரியுமே?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள் கோபப்படவில்லை. குனிந்தபடி மெதுவாகச் சொன்னாள். "அந்தப் படத்தில இருக்கிறவாவில எனக்கும் பொறாமைதான் அக்கா."

வாங்கில் ஒரு இடம்

கடைக் கதவை அரைவாசி இழுத்துவிட்டு அவளை இருத்தினேன். கதை மெல்ல மெல்ல வந்தது. மருத்துவபீடத்தில் இரண்டு முறை சோதனையில் தவறிவிட்டாள், கூடப் படித்தவர்கள் அடுத்த வருடத்துக்குப் போய்விட்டார்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை. அவளைப்போல இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்களாம். ஆனால் டொக்டராகப் போகிறவர்கள் தங்களுக்கே வருத்தம், மருந்து வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவரும் வாய் திறப்பதில்லையாம். வீட்டுக்கு வந்தால் அயலட்டை முழுவதும் சீனி வருத்தத்துக்கும் முழங்கால் நோவுக்கும் அவளிடம்தான் மருந்து கேட்கிறது. சோதனையில் தவறியது அம்மா அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

"உமக்கென்ன குறை" என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "செத்துப் போவம் எண்டு நினைக்கிறீரோ?" என்று நேராகக் கேட்டேன். "ஓம் அக்கா, கன நாளா," என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள். அவளைத் தனியே விட எனக்கு மனமில்லை. கடையைப் பூட்டி, ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே நீட்டு வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு அவளைப் பனரில் பார்த்த பழக்கம். எழும்பி இடம் கொடுத்து, "எங்கட டொக்டர் பிள்ளையெல்லே! இஞ்சயே வேலைக்கு வந்திட்டியளே?" என்றார். நான் தர்மிகாவின் கையைப் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தேன். அவள் அசையவில்லை. "இல்லை அன்ரி, நான் மருந்துக்கு நம்பர் எடுக்க வந்தனான்."

அப்பா வந்த நாள்

அன்று பின்னேரமே தர்மிகாவோடு அவள் வீட்டுக்குப் போனேன், உளநலப் பிரிவு டொக்டர் சொன்னபடி இருவருமாக எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா அழுதார், ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அப்பா எழும்பி வெளியே வளவுக்குள் போய்விட்டார். மனுசனுக்கு என்மேல்தான் கோபம் என்று நினைத்தேன். மூன்று கிழமை கழித்து ஒரு காலை, ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து அவர் கடை வாசலில் வந்து இறங்கியபோது, ஏச்சு வாங்கத் தயாராக எழும்பி நின்றேன்.

அவர் ஏசவில்லை. தர்மிகா ஒவ்வொரு கிழமையும் கிளினிக்குக்குப் போகிறாளாம், அவர்தான் கூட்டிக்கொண்டு போகிறாராம். மருத்துவபீடத்தில் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். திரும்பிப் போவதா இல்லையா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று பனரையும் தானே ஏறிக் கழற்றி மாட்டுக் கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டுவிட்டாராம். பின்னேரத்து மாஸ்டர் வீடு தேடி வந்து சண்டை பிடித்ததையும் சொன்னார். பனர் விசயமாகத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லைப் பிள்ளை. இண்டைக்குக் காலமை அவா இரண்டாந்தரம் புட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவா. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

மூன்றாம் முறையும் நான் தவறியபோது ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்காதிருந்த அப்பாவின் மகள் நான் என்பதால், அந்த மனுசன் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்து நின்றபோதும் எனக்குப் பொறாமைதான் வந்தது, ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக அது மருத்துவபீடத்தைப் பற்றியதாக இருக்கவில்லை.