கொட்டாஞ்சேனைக்குக் கொடுத்த பிள்ளை

கூடைப்பந்தில் ஒரு ஆட்டக்காரியை இன்னொரு அணிக்கு எப்படி மாற்றிக் கொடுப்பது என்று வெள்ளவத்தையில் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்குக் கல்யாணம் பேசத்தான் தெரியும். அதனால் கல்யாணம் பேசுகிற மாதிரியே போய்ப் பேசினோம். வினையும் அங்கேதான் பிடித்தது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பெண்களுக்கென்று ஒரு சின்னக் கூடைப்பந்து லீக் தொடங்கினார்கள். ஆடுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டு என்பதுதான் அதில் புதுமை. ஒவ்வொரு அணிக்கும் பின்னால் ஒரு கடை முதலாளி. எங்கள் வெள்ளவத்தை அணியை வைத்திருந்தவர் காலி வீதியில் புடவைக் கடை நடத்துகிற யாழ்ப்பாணத்துக்காரர். நான் பகலில் புதுக்கடை நீதிமன்றப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க், பின்னேரத்தில் இந்த அணிக்கு மனேஜர். மனேஜர் என்றால் தண்ணீர்ப் போத்தல் நிரப்புவதிலிருந்து முதலாளியின் கோபத்தை ஆற்றுவது வரை எல்லாம் என் தலையில்தான்.

எங்கள் நட்சத்திரம் ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்த ஒரு நெட்டைப் பிள்ளை. அவள் கையை உயர்த்தினால் மற்றப் பிள்ளைகள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவளைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கோர்ட்டின் மதிலில் பின்னேரமானால் ஏறி இருக்க இடம் கிடையாது. பந்தை அவளிடம் எறிந்தால் போதும், புள்ளி வந்துவிடும். முதலாளி தன் கடை விளம்பரத்தில் அவள் படத்தையே போட்டார்.

ஆனால் பிள்ளைக்கு முகம் சரியில்லை. லீக் தொடங்கி இரண்டு கிழமையில் உம்மென்று ஆகிவிட்டாள். பந்து வந்தால் வாங்குவாள், போடுவாள், திரும்பிப் போய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். கை தட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். பயிற்சிக்குப் பிந்தி வந்தாள், முந்திப் போனாள். மற்றப் பிள்ளைகள் அவளுக்குத் தலைக்கனம் என்று பேசத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் பஸ் தரிப்பிடத்தில் வைத்து மறித்துக் கேட்டேன். வாயைத் திறக்க வைக்கவே பெரும்பாடாக இருந்தது. திறந்ததும் கொட்டிவிட்டாள்.

"நான் இங்க ஒரு தூண் மாதிரி நிக்கிறேன் அக்கா. தூணுக்கு எதுக்கு ஓடுற சப்பாத்து? எனக்குப் பந்த நானே கொண்டு வரணும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பழகுவது வலைப்பந்து. அதில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. உயரமானவள் வளையத்துக்குக் கீழே நின்று, வருகிற பந்தை வாங்கிப் போட வேண்டும். கூடைப்பந்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. உயரமான பிள்ளையைக் கண்டால் கூடைக்குக் கீழே நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற வேலை எப்போதும் கட்டைப் பிள்ளைகளுக்கு. இவளைப் பத்து வயதிலிருந்து கூடைக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீ எங்கே நிற்க ஆசைப்படுகிறாய் என்று ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

கொட்டாஞ்சேனை அணிக்குத் தன்னைக் கொடுத்துவிடச் சொன்னாள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், அங்கே பந்து கொண்டுவர ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள் என்றாள். கொடுக்காவிட்டால் விளையாட்டையே விட்டுவிடுவாளாம். புறக்கோட்டையில் மாமாவின் கடையில் வேலை ஒன்று தயாராக இருக்கிறதாம். மிரட்டலுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். மிரட்டல் இல்லை, பிள்ளைக்கு அலுத்துப் போயிருந்தது. லீக் விதிப்படி ஆட்டக்காரிகளை மாற்றிக்கொள்ள அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு அவள் எங்களோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கடையில் நிற்க வேண்டும்.

முதலாளியிடம் போய், பிள்ளை பந்தைத் தானே கொண்டுவரக் கேட்கிறாள், விட்டுப் பார்ப்போமே என்றேன். அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு ஏன் ஓடித் திரிய வேண்டும் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். பயிற்சியாளருக்கு முதலாளியின் சொல்தான் வேதம், அந்த வழியும் அடைபட்டது. மாற்றிக் கொடுக்க மட்டும் சம்மதித்தார். முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை கடைக்கும் ஆகாது, கோர்ட்டுக்கும் ஆகாது என்றார். பதிலுக்குக் கொட்டாஞ்சேனை அணியில் தூரத்திலிருந்து குறி தவறாமல் போடுகிற ஒரு கட்டைப் பிள்ளையைக் கேட்டார். அவள் கிருலப்பனைக்காரி. இரண்டு பஸ் மாறி அங்கே போய் வருகிறவள், எங்களிடம் வந்தால் அவளுக்கும் வசதி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் முதலாளி பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார். ஒரு நாள் கரிநாள், ஒரு நாள் அட்டமி, இன்னொரு நாள் அவருக்குச் சந்திராட்டமம். தட்டித் தட்டிக் கடைசியில் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அன்றைக்கு மூன்று மணியிலிருந்து நாலரை வரை ராகு காலம். கொட்டாஞ்சேனைக்கு வெள்ளனவே போய்ச் சேர்ந்துவிட்டோம், ஆனால் மனிதன் கடை வான் கதவைத் திறந்து இறங்க மாட்டேன் என்கிறார். மடியில் ஒரு பெட்டி லட்டு, பக்கத்தில் ஒரு சீப்புக் கதலிப்பழம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியில் நேரத்தைப் பார்த்தபடி இருந்தேன். பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வருவோம் என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தேன். பேச்சு நடக்கிற இடத்தில் பிள்ளைக்கு என்ன வேலை என்று மறுத்துவிட்டார். அவள் ஜிந்துப்பிட்டி வீட்டில் கைபேசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

நாலரைக்கு உள்ளே போனோம். கொட்டாஞ்சேனை அணியை நடத்துகிறவர் ஒரு டீச்சர். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை, குட்டை முடி, கழுத்தில் விசில். அவருடைய முதலாளி எல்லாப் பொறுப்பையும் அவரிடமே விட்டிருந்தார். கோர்ட் ஓரமாக மேசை போட்டு, தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். கிருலப்பனைப் பிள்ளை அந்தப் பக்கத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் முதலாளி லட்டுப் பெட்டியையும் பழத்தையும் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுத் தொடங்கினார். பிள்ளை தங்கம், ஒரு சொல்லுக்கு மறுசொல் கிடையாது, நல்ல குடும்பம், ஒரு நோய் நொடி இல்லை. நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணப் பேச்சில் பெண்வீட்டார் பாடுகிற அதே பாட்டு என் வாயிலும் தானாக வந்துவிட்டது. ஒரு குறையும் சொல்ல முடியாத பிள்ளை டீச்சர் என்றேன்.

டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொறையே இல்லாத பிள்ளய எதுக்குங்க குடுக்குறீங்க?"

முழங்காலில் ஏதும் கோளாறா, டாக்டரிடம் காட்டிய துண்டுச் சீட்டு இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். முதலாளிக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்துவிட்டது. தன் கடையில் கிழிந்த சேலையை மடித்துக் கொடுத்த சரித்திரமே இல்லை என்றார். டீச்சர் மரியாதையாகத் தலையாட்டினார், ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டார். தனக்கு வேண்டாமாம். கிருலப்பனைப் பிள்ளையும் பந்தைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். மணி கால் குறைய ஐந்து. இன்னும் கால் மணித்தியாலத்தில் அந்தப் பிள்ளை மாமாவின் கடையில்.

பொறுக்க முடியாமல் எழும்பி நின்று சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அவளுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. எங்களோட கோவம். கூடைக்குக் கீழ நிண்டு நிண்டு அலுத்துப் போச்சு. பந்தைத் தானே கொண்டுவர வேணுமெண்டு கேக்கிறாள், நாங்கள் விடேல்லை."

முதலாளி என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தார். பெண்ணுக்குக் கோபம் வரும் என்று எந்தப் பெண்வீட்டாரும் சொன்னதில்லை. டீச்சரோ நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவு உயரமான பிள்ளை பந்து கொண்டு வருவாளா, நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். லீக் தொடங்கிய புதிதில் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைத்து அவற்றுக்கு நடுவே அவள் தனியாகத் தட்டிக்கொண்டு போனதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதைச் சொன்னேன். அப்படியென்றால் அவளுக்கு எந்த இடம் வேண்டும் என்று தான் அவளிடமே கேட்க வேண்டும் என்றார் டீச்சர்.

கைபேசியில் அழைத்து "ஓடி வா" என்று மட்டும் சொன்னேன். ஓடித்தான் வந்தாள். வீட்டுச் சட்டையும் பாட்டா செருப்புமாக, சனத்துக்கும் திரீவீல் ஆட்டோக்களுக்கும் இடையில் புகுந்து, மூச்சு இரைக்க வந்து நின்றாள். டீச்சர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஒனக்கு எந்த எடம் வேணும்மா?"

அவள் கோர்ட்டின் நடுவைக் கையால் காட்டினாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கிருலப்பனைப் பிள்ளையிடமிருந்து பந்தை வாங்கினாள். அந்தப் பிள்ளையையே அவளை மறிக்கச் சொன்னார் டீச்சர்.

ஐயோ, அதை நான் எப்படிச் சொல்வேன்! வெறுங்காலோடு பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். இடக்கை, வலக்கை, முதுகுக்குப் பின்னால். மறிக்க வந்தவள் ஒரு பக்கம் போக, இவள் மறு பக்கத்தால் போய்விட்டாள். கூடைக்குக் கிட்ட வந்ததும் போடாமல் திரும்பி, மறுபடி கோர்ட்டின் அந்தக் கரைக்குப் போய் இன்னொரு தடவை வந்தாள். அவளுக்குப் போதவில்லை. இரண்டாம் தடவை பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது சிரித்தாள். அவளுடைய பல்வரிசையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் என்னை மறந்து கை தட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளி எழும்பி நின்றுவிட்டார். இது இவ்வளவு நாளும் எங்கே கிடந்தது என்று என்னைக் கேட்டார். கூடைக்குக் கீழே என்றேன். அடுத்த நிமிடமே பேச்சை மாற்றினார். பிள்ளையைக் கொடுக்க முடியாதாம். நாளையிலிருந்து எங்கள் கோர்ட்டில் அவளே பந்தைக் கொண்டு வரட்டுமாம், சம்பளமும் கூட்டித் தருவாராம். மணி ஐந்தாக இன்னும் ஐந்து நிமிடம்.

பிள்ளை பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க பார்த்த பொறகு தர்றீங்க சேர். டீச்சர் பார்க்க முந்தியே கேட்டாங்க."

அப்போது டீச்சர் செய்த வேலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். லட்டுப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து, ஆற அமரக் கடித்தார். பிள்ளைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் ஒரே வாயில் போட்டுக்கொண்டேன்.

"இனிப்புச் சாப்பிட்டாச்சுங்க," என்றார்.

சம்பந்தம் பேசிக் கொண்டுபோன இனிப்பை அந்தப் பக்கத்தார் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவர் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. முதலாளி டீச்சரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் உப்பிய கன்னத்தையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார், டீச்சரும் போட்டார். நான் தாளைப் படம் பிடித்து லீக்காரருக்கு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து மணி அதற்குப் பிறகுதான் அடித்தது.

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனை எங்கள் கோர்ட்டுக்கு வந்தது. மதில் நிறைய ஆட்கள், ரயில் போகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. எங்கள் முன்னாள் தூண் ஆட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டாள். எல்லோருடைய தலைக்கும் மேலால் அவளுக்குக் கோர்ட் முழுக்கத் தெரிகிறது, எங்கே ஆள் தனியாக நிற்கிறாளோ அங்கே பந்து போகிறது. கிருலப்பனைப் பிள்ளை எங்கள் பக்கம் தூரத்திலிருந்து போட்டுப் போட்டு மானத்தைக் காப்பாற்றினாள். அப்படியும் பின்தங்கினோம். எங்கள் பெஞ்சைத் தாண்டி ஓடும்போது அவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் மனேஜர் என்பதை மறந்து விசிலடித்தேன். முதலாளி முறைத்தார்.

பாதி நேர இடைவேளையில் பிள்ளைகள் வியர்த்து வழிந்து வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பதிலாகக் கூடைக்குக் கீழே நின்றவள் தெகிவளையிலிருந்து வருகிற ஒரு புதுப் பிள்ளை, அதிகம் பேசாதவள். பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"பிள்ளை, உனக்கு எங்க நிக்க விருப்பம்?"

பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சொல்லு என்று தலையாட்டினேன். தண்ணீரை ஒரு மிடறு விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"கூடைக்குக் கீழதான் சேர். எனக்கு அதுதான் விருப்பம்."