காளியாயி அக்கா மலைக்கு அனுப்பாத பதினோரு பேர்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சரிவில் காளியாயி அக்காவின் தகரக்கூரை விடுதி இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், புருஷன் இறந்தபின் டவுனுக்கு வந்து ஆப்பம் சுட்டு விற்றார். பிறகு இரண்டு அறைகள் கட்டி, சிவனொளிபாத மலைக்குப் போகும் இந்திய யாத்திரிகர்களைத் தங்கவைத்தார்.

அக்கரை ரயிலும் கப்பலும் இக்கரை ரயிலும் சேர்ந்து ஒரே டிக்கெட் கொடுத்ததால், ராமேஸ்வரம் வந்தவர்கள் அப்படியே கடல் தாண்டி எங்கள் பக்கமும் வந்தார்கள். அவர்களை அனுப்பிவைத்தவர் ராமேஸ்வரத்தில் சத்திரம் நடத்தும் முத்துலிங்கம். அக்கா அவரைப் பார்த்ததேயில்லை. ஆனால் அவர் அனுப்புவதை நிறுத்தினால் அறைகள் காலிதான்.

1936இல் ஆடி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், பதினோரு பேர் நனைந்துகொண்டு வந்து இறங்கினார்கள். மதுரை ஜவுளி வியாபாரி சோமசுந்தரம்தான் தலைவர். மறுநாளே மலை ஏற வேண்டும் என்றார். வழிகாட்டியாக என் அப்பா சின்னராசாவைப் பேசியிருந்தார்கள்.

மலைக்குப் பருவம் மார்கழியிலிருந்து வைகாசிவரைதான். ஆடியில் மழையும் அட்டையும் தவிர வழியில் ஒன்றும் இராது. ராமேஸ்வரத்தில் ஆடி விசேஷம் என்றால் இங்கும் அப்படித்தான் என்று நினைத்து வந்துவிட்டார்கள்.

"ஐயா, இப்ப ஏற முடியாதுங்க" என்றார் அக்கா.

"ரெண்டு ரயில்காரனும் பேசி ஒத்துக்கிட்டு டிக்கெட் குடுத்திருக்கான். ஏற முடியாதுன்னா குடுப்பானா?"

"அவங்க பேசிக்கிட்டது தண்டவாளத்தப் பத்திங்க. மழையப் பத்தி யாரு பேசுனா?"

கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சோமசுந்தரத்துக்குக் கோபம் வந்தது.

"முத்துலிங்கத்துகிட்டச் சொல்றேன் பாரு. இனிமே ஒரு ஆளு ஒன் வாசல்ல காலு வைக்க மாட்டான்."

"சொல்லுங்கய்யா. உசுரோட போயிச் சொல்லுங்க" என்றார் அக்கா.

அப்பாவும் முகம் சுளித்தார். "வந்தவங்கள வெரட்டுறியே ஆயி, எனக்கும் வேல இல்லாம கெடக்கு."

"சின்னராசண்ணே, ஒங்களையும் சேத்துத்தான் அனுப்பல."

கதிர்காமத்து முருகன் கோயிலில் அப்போதுதான் ஆடித் திருவிழா கொடியேறியிருந்தது. அவர்களை அங்கே அனுப்ப வழி கேட்டு வைத்திருந்தார் அக்கா. மறுநாள் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, எல்லோரையும் கதிர்காமத்துக்கு வழியான அப்புத்தளை ரயிலில் ஏற்றிவிட்டார். சோமசுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறினார்.

அன்று பிற்பகல் சீதகங்கையில் வெள்ளம் வந்தது. மலைக்குப் போகிறவர்கள் அந்த ஆற்றை இறங்கித்தான் கடக்க வேண்டும். மலையடிப் பக்கத்து மஸ்கெலியாவிலிருந்து பஸ்காரர் வந்து செய்தி சொன்னதும் அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னார். அம்மா நேரே அக்காவிடம் போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் அக்கா சொல்லச் சொல்ல இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஆடியில் மலைக்கு டிக்கெட் கொடுக்காதீர்கள் என்று தனுஷ்கோடி டிக்கெட் ஆபீசுக்கு எழுதியது ஆங்கிலத்தில். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. முத்துலிங்கத்துக்குத் தமிழில் எழுதினேன். ஆடியில் வருகிறவர்களைக் கதிர்காமத்துக்கு அனுப்புங்கள், மலைக்கென்றால் தை அமாவாசைக்கு அனுப்புங்கள் என்பதுதான் விஷயம். ஆடிக்கு இனி விடுதியில் ஆள் இருக்காதே என்று கேட்டேன்.

"இருக்காதுதான். எழுது" என்றார்.

ஐந்து மாதம் பதில் இல்லை. அக்கா மறுபடி ஆப்பச்சட்டியை எடுத்தார். மார்கழிக் கடைசியில் முத்துலிங்கத்தின் கார்டு வந்தது:

"சோமசுந்தரம் ஐயா திரும்பி வந்து என்னைத்தான் ஏசினார். காலம் தெரியாமல் அனுப்பியது என் தவறு. ஆடிக்காரர்களுக்கு இனிக் கதிர்காமம். தைக்கு முப்பத்தெட்டுப் பேர் வருகிறார்கள். இடம் உண்டா?"

"முப்பத்தெட்டா!" என்று தலையில் கை வைத்தார் அக்கா. "அடி பூரணி, ஒங்க அம்மாவக் கூப்பிடு."

பாதிப் பேர் எங்கள் வீட்டில் படுத்தார்கள். அவர்களை மலைக்கு அழைத்துப்போன அப்பா மூன்றாம் நாள் முழுசாகத் திரும்பி வந்து, வாசலில் நின்று பசிக்கிறது என்றார். அம்மா அவருக்கு முன்பாக அக்காவுக்கு இலை போட்டாள்.