கறுத்த டீயும் தெளிந்த கிணறும்

பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவளுக்கு ஊரில் 'ஏனக்கா' என்று பெயர். "பஸ் லேட்டுக்கா" என்று யாராவது சொன்னால்கூட, டயர் பஞ்சரா, டிரைவருக்கு உடம்பு சரியில்லையா என்று குடைந்தெடுத்த பிறகுதான் டீ போடுவாள்.

ஒரு கோடையில் அவள் போடும் டீ, பால் ஊற்றியும் சாம்பல் நிறத்துக்கு மாறியது.

"என்னக்கா, மை கலந்துட்டீங்களா?" என்றார் பக்கத்து மெக்கானிக்.

டீத்தூள் வியாபாரியிடம் சண்டைக்குப் போனாள். "என் தூளைக் குறை சொல்லாதம்மா, உன் பாத்திரத்தைப் பாரு" என்றார் அவர். பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்தாள். பலனில்லை. கடைசியில் அதே தூளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். டீ தகதகவென்று சிவந்து வந்தது. கோளாறு குழாய்த் தண்ணீரில்தான்!

அன்றிலிருந்து கடைக்குக் கிணற்றுத் தண்ணீர் கேன் கேனாக வந்தது. வேறொருத்தியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். ஏன் கறுத்தது என்று தெரியாமல் இவளுக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

முடிவு வாங்கப் போனபோது அங்கிருந்த பெண் குழாய்த் தண்ணீரைப் பற்றி முதலில் சொன்னாள். "இதுல இரும்பு ஜாஸ்தி. டீயோட துவர்ப்புல சேர்ந்தா கறுத்துடும். வடிகட்டி போட்டா சரியாயிடும்." பிறகு தயங்கினாள். "கிணத்துத் தண்ணிய யாரு குடிக்கிறீங்க?"

"எல்லாரும்தான். நாத்தனார் கைக்குழந்தையோட வந்திருக்கா. பவுடர் பால்கூட இதுலதான் கலக்குறோம். நல்லா கொதிக்க வெச்சுதாங்க."

"அக்கா, இதுல நைட்ரேட்டுங்கிற உப்பு அளவுக்கு மேல இருக்கு. கொதிக்க வெச்சா போகாது, தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும். பெரியவங்க தாங்கிக்குவாங்க. பச்சக் குழந்தைக்கு ஆகாது. மூச்சுத் திணறி உதடு நீலமாயிடும்."

ஏனக்கா அங்கிருந்தே நாத்தனாருக்குப் போன் போட்டாள். "குழந்தை உதடு என்ன நிறமா இருக்கு?"

"சிவப்பாத்தான் இருக்கு. ஏன் அண்ணி?"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வி அவளுக்கு எரிச்சல் தந்தது. "வந்து சொல்றேன். கிணத்துத் தண்ணிய மட்டும் குடுக்காத!"

டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"கடையில வாயத் திறக்காத. அப்புறம் ஈ, காக்காகூட வராது" என்றார் கணவர். அவள் கேட்கவில்லை. மறுநாள் டீ குடிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சிலர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கைக்குழந்தை உள்ள ஒருத்தி மட்டும், "எங்க கிணத்தையும் பாக்கணும்கா, எங்க குடுக்கணும்?" என்று கேட்டாள்.

நைட்ரேட் ஏன் வந்தது என்று அவள் விடாமல் தேடியதில் காரணம் தெரிந்தது: வீட்டுக் கழிவறைத் தொட்டியின் அடிச்சுவர் விரிசல் விட்டு, கசிவு கிணற்றுப் பக்கம் இறங்கியிருந்தது. அந்தத் தொட்டியை மூடிவிட்டுத் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். கிணறு இன்னும் தேறவில்லை. அதில் துணி மட்டும் துவைக்கிறார்கள். குடிக்கவும் கடைக்கும், வடிகட்டிய குழாய்த் தண்ணீர்தான்.