சோளக்காட்டில் தேர்ச்சி மதிப்பெண்

ஒருவர் எதிலிருந்து ஓய்வெடுக்கிறார் என்பதை, ஓய்வில் அவர் செய்யும் வேலையை வைத்துச் சொல்லிவிட முடியுமா? லார்னா வாவ்ராவின் வகுப்பறைக்கு அடுத்த அறையில் நான் வரலாறு நடத்திய காலம் முழுவதும் இந்தக் கேள்வி என்னை விட்டதில்லை.

நெப்ராஸ்காவில் எங்கள் ஓர்டன் ஊரில் ஆசிரியர்களைப் பற்றி ஒரே ஒரு நகைச்சுவைதான் உண்டு: மூன்று மாதம் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். இதைச் சொல்பவரின் வீட்டுச் சுவரில் அப்போது எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் ஏணி போட்டு பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார். வேதியியல் ஆசிரியர் நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் புழு விற்பார். இசை ஆசிரியை ஜூன் மாதத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் கேக் செய்வார். எங்கள் ஓய்வைப் பற்றிய ஊரின் கருத்தை நாங்கள் யாரும் மறுத்ததில்லை. அதற்கு நேரம் கிடைத்ததில்லை.

லார்னா சோளக்காட்டுக்குப் போவார். எங்கள் பக்கத்தில் விதைக்கென்று வளர்க்கும் மக்காச்சோளத்தில் சில வரிசைகளைப் பெண் என்றும் சிலவற்றை ஆண் என்றும் வைப்பார்கள். ஜூலையில் பெண் வரிசைச் செடிகளின் உச்சியில் முளைக்கும் கொண்டைப் பூவை, மகரந்தம் உதிர்வதற்குள் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். பெரும்பகுதியை இயந்திரம் வெட்டிவிடும். அது விட்டதைக் கையால்தான் எடுக்க வேண்டும். விட்டுப்போனால் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். அந்த விதையை யாரும் வாங்க மாட்டார்கள், விவசாயியின் ஓர் ஆண்டு மாட்டுத் தீவனமாகிவிடும். இந்த வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டிக் கூட்டிப்போகிறவர்கள், பழைய வழக்கப்படி, அவர்களுடைய ஆசிரியர்களே. மே மாதம் வரை பெஞ்சில் தூங்கிய அதே பிள்ளைகள், கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு, விடியற்காலைப் பனியில் நனைந்தபடி வரிசைக்குள் நடப்பார்கள்.

பள்ளியில் லார்னா இயற்கணிதம் நடத்தினார். தேர்ச்சிக்கு அறுபது வேண்டும். அவர் வகுப்பில் அறுபது வாங்காதவர் இல்லை. ஐம்பத்திரண்டு வாங்கியவனும் ஆண்டு முடிவில் எப்படியோ அறுபதில் வந்து நிற்பான். பெற்றோர் அவரைத் தங்கமான மனுஷி என்றார்கள். தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். சோர்ந்துபோனவர். கோடையில் மற்ற ஆசிரியர்களிடம் தோற்றவர்களுக்காகப் பள்ளியில் நடக்கும் வகுப்பை எடுக்கச் சொன்னபோது, "ஜூலைல இயற்கணிதமா? அதுக்கு நான் எருமைக்குப் பல்லு தேய்ச்சு விடுவேன்" என்று மறுத்தவர்.

காட்டில் அவர் வேறு ஆள். அங்கே நூறு செடிக்கு அரைக் கொண்டைகூட மிஞ்சக் கூடாது. ஒரு வரிசையில் ஒன்று நின்றால் அந்த வரிசையை முழுக்கத் திரும்ப நடக்க வைப்பார்.

"மே மாசம் வரைக்கும் பாதி தப்புக்கும் பாஸ் போட்டீங்களே, மிஸஸ் வாவ்ரா" என்று ஒருமுறை ட்ரினா என்ற நெட்டைப் பெண் முனகினாள்.

"அது வெறும் கணக்கு. இது சோளம். நட."

ஒரு கோடையில் வழக்கமான ஓட்டுநருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதால் லார்னாவின் குழுவை ஏற்றிப்போகும் பழைய மஞ்சள் பேருந்தை நான் ஓட்டினேன். ஜூலைக் கடைசியில் கென் ஸ்லாமா என்பவரின் வயல்தான் எஞ்சியிருந்தது. விதைக் கம்பெனியின் ஆய்வாளர் சோதித்துத் தேறிவிட்டது என்று சொன்னால் பருவம் முடிந்தது. தேறாவிட்டால் வயலை வேறு குழுவிடம் கொடுத்துவிடுவார்கள், அடுத்த ஆண்டு லார்னாவைக் கூப்பிட மாட்டார்கள். பதினாறு ஆண்டுகளாக அவர் குழு ஒரு வயலிலும் தோற்றதில்லை.

ஆய்வாளராக வந்தவன் கோல்பி ஸ்டெக். லார்னாவின் பழைய மாணவன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தொப்பியின் மடிப்பு இன்னும் கலையவில்லை. அங்கங்கே புகுந்து எண்ணிவிட்டு வியர்வையோடு வெளியே வந்தான்.

"முந்நூறு செடி பார்த்தேன், மிஸஸ் வாவ்ரா. ஒன்பது நின்னுது."

"ஒன்பதும் ப்ரெட் விட்டதாத்தான் இருக்கும்" என்றாள் ட்ரினா, பேருந்துப் படியில் உட்கார்ந்தபடி. "பாவம், அவனுக்கு எட்டாது."

"எட்டுறவங்களுக்குக் கண்ணு தெரியலையே" என்றான் குழுவிலேயே குள்ளமான ப்ரெட்.

கோல்பி கைபேசியை எடுத்து வகுத்தான். முகம் மலர்ந்தது. "புள்ளி பூஜ்யம் மூணு. புள்ளி அஞ்சு வரைக்கும் விடலாம். நீங்க எங்கேயோ இருக்கீங்க. பாஸ்."

பிள்ளைகள் ஈரத் தொப்பிகளை மேலே எறிந்தார்கள். நான் லார்னாவைப் பார்த்தேன். வகுத்த பிறகு நூறால் பெருக்க வேண்டும் என்பது வரலாற்று ஆசிரியனுக்கே தெரியும். நூற்றுக்கு மூன்று. அனுமதித்ததைப் போல ஆறு மடங்கு.

லார்னா கோல்பியின் தொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது, கோல்பி. வீட்டுல அம்மாவைக் கேட்டதாச் சொல்லு" என்றார்.

பேருந்தில் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நான் மெதுவாகச் சொன்னேன். "மூணு சதவீதம், லார்னா."

"எனக்குக் கணக்கு தெரியும், க்ளைட்."

"அப்போ அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் அவன் காதைத் திருகவா?"

"ஸ்லாமாவோட விதை?"

லார்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நீர்ப்பாய்ச்சும் குழாய்கள் சக்கரத்தில் நகர்ந்துகொண்டிருந்தன.

"உன் கிளாஸ்ல அவன் எவ்வளவு வாங்கினான்?" என்றேன்.

"அறுபது."

"வாங்கினானா, நீ குடுத்தியா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அன்று மாலை அவர் கோல்பியைக் கூப்பிட்டு மறுநாள் காலையில் வயலுக்கு வரச் சொன்னார். பிள்ளைகளையும் திரும்ப வரச் சொன்னார். தேறிய வயலுக்குள் எதற்கு மறுபடி இறங்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். "எனக்கு மனசு ஒப்பல" என்றார் லார்னா. அது பிள்ளைகளுக்குப் போதவில்லை. ஆனாலும் வந்தார்கள். வழியெல்லாம் அவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பின் இருக்கையில் முடிவு செய்தார்கள்.

அவர்கள் வரிசைக்குள் மறைந்த பிறகு கோல்பியின் வண்டி வந்தது. வண்டியின் முன்மூடியில் புழுதி படிந்திருந்தது. லார்னா அதில் விரலால் ஒன்பது எழுதி, கீழே கோடு போட்டு, முந்நூறு எழுதினார். எனக்குத் தெரிந்து அவர் கரும்பலகையில்கூட அவ்வளவு நிதானமாக எழுதியதில்லை.

"நூறு செடிக்கு எத்தனைன்னு சொல்லு. கைபேசி வேண்டாம்."

கோல்பி புழுதியையே பார்த்தான். உதடு அசைந்தது. வெகுநேரம் கழித்து, "மூணு" என்றான். பிறகு முகத்தில் இரத்தம் ஏறியது. "புள்ளி மூணுகூட இல்லையா? முழு மூணா?"

"முழு மூணு."

"போன வாரம் இன்னும் ரெண்டு வயல் பாஸ் போட்டேன்."

"இப்பவே போய்ப் பாரு. இன்னும் நேரம் இருக்கு. கம்பெனிக்கும் நீயே சொல்லிடு. வேற யாரோ சொல்லி அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அவன் வண்டியில் ஏறினான். இயந்திரத்தைக் கிளப்பவில்லை. "பள்ளிக்கூடத்துல என் விடையை நீங்க திருப்பி அனுப்பினதே இல்லையே, மிஸஸ் வாவ்ரா" என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற குரல்தான். "எனக்குக் கணக்கு வருதுன்னுதான் நினைச்சிருந்தேன்."

அவன் போன பிறகு லார்னா குப்பைப் பையை மாட்டிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினார். மதியம் வரை வெளியே வரவில்லை. சோள இலை அறுத்த கீறல்களோடு வந்தபோது, முகத்தைத் துடைக்கத் துணி கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நடந்தவற்றை ஊரின் பெருமை என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. கோல்பியின் தவறைக் கேட்ட மேலதிகாரி தானே வந்து எண்ணினார். ஸ்லாமாவின் வயலில் ஒரு கொண்டைகூட அகப்படவில்லை. கோல்பியை அவர்கள் அனுப்பிவிடவில்லை. தானாக வந்து சொன்னதற்காக வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டின் மிகச் சுத்தமான வயல் என்று லார்னாவின் குழுவுக்கு ஒரு மரப் பலகை கொடுத்தார்கள். எங்கள் தலைமையாசிரியர் அதைத் தம் அறைக்கு வெளியே, இயற்கணிதத்தில் லார்னாவின் வகுப்புத் தேர்ச்சி விகிதம் நூறு என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். இரண்டுக்கும் லார்னாவே காரணம் என்று பெற்றோர் கூட்டத்தில் கைதட்டினார்கள். அவரும் எழுந்து நின்று தலையசைத்தார். இரண்டு பலகைகளும் ஒரே சுவரில் எப்படித் தொங்குகின்றன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அங்கே கொடுத்த கேக் நன்றாக இருந்தது.

அடுத்த மே மாதம், தோற்றவர்களுக்கான கோடை வகுப்பை எடுக்க யார் என்று வழக்கம்போல ஆசிரியர் அறையில் கேட்டார்கள். வழக்கம்போல எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தோம். லார்னா கையைத் தூக்கினார். நகைச்சுவை என்று நினைத்து இசை ஆசிரியை சிரித்தார்.

அன்று மாலை என் வகுப்பறைக்கு வந்து, பேருந்தின் சாவியை மேசைமேல் வைத்தார்.

"குழுவை நீ நடத்து. ட்ரினாவுக்கு எல்லாம் தெரியும், அவ சொல்றதைக் கேளு. இரண்டாவது கியர் சிக்கும்."

"எருமைக்குப் பல்லு தேய்க்கப் போறியா?"

"ஆமாம்."

"ஏன், லார்னா?"

கதவருகே நின்று யோசித்தார். "அங்கே ஏசி இருக்கும்" என்றார்.

எங்கள் பள்ளியில் ஜூன் பிறந்ததும் ஏசியை நிறுத்திவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.